சராசரியில் சேராத கை

முதலில் வீட்டுச் சாவி திரும்ப மறுத்தது. பூட்டில்தான் கோளாறு என்று எண்ணெய் விட்டேன். அடுத்த வாரம் வகுப்பில் சாக்பீஸ் விரல்களிலிருந்து நழுவியது. நன்னிலத்தில் இருபத்து நான்கு வருடம் கணக்குப் போட்டுக் காட்டிய கை அது.

தஞ்சாவூரில் தொடைச் சதையில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தசையழற்சி (தசைகள் உள்ளுக்குள் நலிந்து மெல்ல வலுவிழப்பது) என்றார்கள். என் வகைக்கு மருந்து இல்லை.

"புது மருந்து ஒன்னு சோதிக்கிறாங்க. சேர்றீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை அவருக்கே தெரியாது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மாதம் ஒரு ஊசி. நானும் என் கணவர் செல்வமும் கும்பகோணத்தில் பஸ் மாறிப் போவோம். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் ரவிக்கைக் கொக்கிகளை நானே மாட்டினேன். அதுவரை மாட்டிவிட்டவர் அவர். போய் அவர் முன்னால் நின்றேன். அவர் கண் கலங்கியது.

பத்தாவது மாதம் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

"மொத்தமாப் பாத்தா பலன் இல்லைன்னு கம்பெனி முடிவு பண்ணிடுச்சும்மா," என்றார் டாக்டர்.

"எனக்கு இருந்துச்சே சார். நான் போட்டுக்கிட்டது மருந்துதானா?"

கணினியைப் பார்த்தார். "மருந்துதான். ஆனா அதனாலதான் நல்லாச்சுன்னு ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்காகக் கேட்டுப் பாத்தேன், தர மாட்டேங்குறாங்க."

சராசரி என்றால் என்ன என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்களிடமும் இப்படி ஒரு படிவம் நீட்டப்படலாம். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். சோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மூன்றே மாதத்தில் விரல்கள் தளர்ந்தன. இப்போதெல்லாம் எதையும் நாளைக்கு என்று ஒத்திப்போடுவதில்லை. நாளைக்கு இந்தக் கை எதைச் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க அழைத்தார்கள்.

"மருந்து தர மாட்டாங்க, ரத்தம் மட்டும் வேணுமாமா? போவ வேணாம்," என்றார் செல்வம்.

நான்தான் கிளம்பினேன். நன்றாயிருந்த கையோடு அவர்கள் என்னைப் பற்றி எழுதுவதை முடித்துவிடக் கூடாது. மருந்தை நிறுத்தியதும் என்ன ஆனது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டினார். "கையை இறுக்கி மூடுங்கம்மா."

விரல்கள் பாதியில் நின்றன. செல்வம் எழுந்து வந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கி, தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். ரத்தம் எடுத்து முடிக்கும்வரை விடவில்லை.