புளி போட்டு மினுக்கிய கோதுகள்

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதைப் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கலாம் என்று டென்மார்க்கில் முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் சின்னம்மாவாகத்தான் இருக்கும். குத்துவிளக்கு மினுக்கிப் பழகிய கை. அந்தக் கோதுகளைப் பார்த்த டெனிஷ்காரர்கள், எந்தக் கடையில் வாங்கிய மருந்து என்று சித்தப்பாவைக் கேட்டார்களாம். அவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சின்னம்மாவும் சிரித்தார். அது நல்ல காலம்.

நாங்கள் அப்போது கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் இருந்தோம். நாங்கள் என்றால் சித்தப்பா, சின்னம்மா, நான். அப்பா என்னைக் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனிடம் பிடித்துக் கொடுத்து, "இனி எல்லாம் சித்தப்பா பாப்பார்" என்று அனுப்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பேரப்பிள்ளை டெனிஷில் கேட்கிறதற்கு நான் தமிழில் மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை. அது ஏறாமல் போனதற்கும் இந்தக் கோதுகளுக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் சித்தப்பா ஆமிக்காரனின் சோதனைச் சாவடியைக் கண்டால், ஒரு மைலுக்கு முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டுகிற மனிதர். அப்படிப்பட்டவர் இங்கே வந்து கைத்துவக்கைப் பிடித்தார். தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒரு டெனிஷ் கிழவர்தான் குறி பார்த்துச் சுடுகிற கழகத்துக்கு அவரைக் கூட்டிப்போனவர். வேறு எங்கேயும் யாரும் சித்தப்பாவோடு கதைப்பதில்லை. அங்கே தோளில் தட்டிக் கதைத்தார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பிக்காகத்தான் அவர் சுடப் பழகினார் என்று இப்போது நினைக்கிறேன்.

கடையில் வாங்குகிற தோட்டாவை விட, தாங்களே அடைக்கிற தோட்டாதான் ஒரே சீராகப் போகும் என்பது அவர்களுடைய கொள்கை. கழகத்தின் நிலவறையில் ஒரு சின்னக் கைப்பிடி யந்திரம் இருந்தது. விசை அடித்ததும் பொறி விட்டு மருந்தைக் கொளுத்துகிறது கேப்பு; சுட்ட கோதின் அடியில் அது செத்துக் கிடக்கும், அதைத் தட்டி எடுக்க வேண்டும். கோதைக் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு புதுக் கேப்பை அடியில் அழுத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அடைக்க வேண்டும். மருந்து அளக்கும்போது மூச்சுக்கூட விடக் கூடாது என்பார் சித்தப்பா. துவக்கும் மருந்தும் கழகத்திலேயே பூட்டிக் கிடக்கும். வெறும் கோதுகள் மட்டும் வீட்டுக்கு வரும். சின்னம்மா மினுக்குவார். நான் துவாயில் பரப்பி, ஹீற்றருக்கு மேலே காயவைத்து, பிஸ்கற் தகரத்தில் போட்டு மூடுவேன். எண்ணெய்க் கையால் தொட்டால் கேப்புச் செத்துவிடும் என்று சித்தப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். சமையலை விட்டு எழும்பி வந்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவின பிறகுதான் சின்னம்மா கோதைத் தொடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. கடைக்குப் பாண் வாங்கப் போன சின்னம்மாவின் தம்பியை ஆமிக்காரன் சுட்டுக் கொன்றுவிட்டானாம். சின்னம்மாவுக்கு அந்த ஒரு தம்பிதான். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. புதன்கிழமை சித்தப்பா கழகத்துக்குப் போகப் பையைத் தூக்கினார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்குமே போறியள்?"

"ஞாயிற்றுக்கிழமை போட்டி. அவங்கள் என்னை நம்பி ரீமிலை போட்டிருக்கிறாங்கள். நான் வீட்டிலை குந்தியிருந்தா உன்ரை தம்பி எழும்பி வருவானே?"

 அன்றிரவு சித்தப்பா திரும்பி வந்து கோதுப் பையைக் குசினி மேசையில் வைத்தார். "போட்டிக்கு அடைக்கிறது. வடிவா மினுக்கு" என்றார். சின்னம்மா ஒரு கோதை எடுத்து மூக்கருகே பிடித்து மணந்தார். நெடுநேரம் மணந்துகொண்டிருந்தார். சுட்ட மருந்தின் மணம் எனக்கும் பிடிக்கும். அவருக்கும் பிடிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மினுக்கிக் கொடுத்தார். நான் காயவைத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சின்னம்மா மேசையில் தகரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்குத் திரியை நல்லெண்ணெயில் தோய்த்துக் கோதுகளின் உள்ளேயும் அடியிலும் தொட்டுக்கொண்டிருந்தார். வெளிப்பக்கத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார்.

"சின்னம்மா, எண்ணெய் ஆகாதெண்டெல்லே சித்தப்பா சொல்லுறவர்?"

"அது கேப்புக்கு. இது வெறுங்கோது. விளக்கைக் கறுக்க விடாமல் எண்ணெய் பூசுறேல்லையே? அது மாதிரித்தான். நீ போய்ப் பாலைக் குடி."

நான் போய்ப் பாலைக் குடித்தேன். அந்தப் பால் கொஞ்சம் கசந்ததாக இப்போது எழுத ஆசைதான். நல்ல பால்தான் அது.

சனிக்கிழமை சித்தப்பா தகரத்தைக் கழகத்துக்குக் கொண்டுபோய்த் தோட்டா அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டி, பக்கத்து நகரமான வைலேயில். சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார். வரிசையில் நின்றார், கையை நீட்டினார், விசையை இழுத்தார். டிக் என்றது. முறைப்படி துவக்கை இலக்குப் பக்கமே பிடித்தபடி மற்றக் கையை உயர்த்தினார். அடுத்த தோட்டாவும் டிக். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒன்று வெடித்தது. வெடி என்று சொல்ல முடியாது, சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். சித்தப்பா அவசரத்தில் மறுபடி இழுக்கப் போனார். டெனிஷ் கிழவர் பாய்ந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். குண்டு குழாயின் நடுவில் சிக்கிக் கிடந்தது. இன்னொன்று சுட்டிருந்தால் குழாய் வெடித்துக் கையைக் கொண்டுபோயிருக்கும்.

மிச்சத் தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்தார்கள். மருந்து கட்டியாக ஒட்டிக் கிடந்தது. கிழவர் மணந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சித்தப்பா மணந்து பார்த்தார். அந்த மண்டபத்தில் அது என்ன மணம் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இனி அவர் தோட்டா அடைக்கக் கூடாது என்று கழகத்தில் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கோப்பியும் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை.  வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தையும் கழற்றாமல் குசினிக்குள் போனார்.

"ஆர் கோதுக்கு எண்ணெய் பூசினது?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சின்னம்மா சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சம்பலை இடித்துக்கொண்டே, "இவன்தானே காயவைச்சவன். இவனைக் கேளுங்கோ" என்றார்.

சித்தப்பா கேட்கவில்லை, அடித்தார். கை ஓய்ந்ததும் பெல்ற்றைக் கழற்றினார். "நானில்லை" என்று ஒருக்காச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அடி விழுந்தது. சின்னம்மா சம்பலை இடித்து முடித்தார்.

சித்தப்பா அதற்குப் பிறகு கழகத்துக்குப் போகவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தால் அந்த டிக் சத்தம் கேட்கிறது என்று யாருக்கோ தொலைபேசியில் சொன்னார். பனி கரைவதற்கு முன்னம் என்னைத் தூரத்து நகரமான ஒடென்சேக்கு அனுப்ப ஒழுங்காயிற்று. அங்கே எங்கள் ஊர்ப் பெடியள் சேர்ந்து இருந்த ஒரு அறையில் எனக்கும் ஒரு மெத்தை. பின்னேரங்களில் அவர்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் நானும் கோப்பை கழுவினேன். பகலில் வகுப்பில் நித்திரை கொண்டேன். படிப்பு போனது அப்படித்தான்.

பஸ்ஸுக்குச் சின்னம்மாதான் வந்தார். என் மேற்சட்டையின் பொத்தானை மேல்வரைக்கும் பூட்டிவிட்டார்.

"நான் பூசேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே, சின்னம்மா?"

"ஓம், தெரியும். பஸ் வருது, ஏறு தம்பி."

அந்த "ஓம்" போதுமாக இருந்தது எனக்கு. அவருக்குத் தெரியும்தானே, கோபம் ஆறினதும் சித்தப்பாவிடம் சொல்லுவார், கூப்பிடுவார்கள் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். ஒடென்சே அறையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கோப்பை கழுவின ஈரக் கையோடு முதலில் ஓடியது நான்தான். பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

சின்னம்மா அன்றைக்குச் செத்துப்போன தன் தம்பிக்காகத்தான் எண்ணெய் தொட்டார் என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. அதற்காக நான் அவரைக் கோபிக்க மாட்டேன். சுட்டவனை அவரால் ஒன்றும் செய்ய முடியாது, சித்தப்பாவையும் ஒரு சொல் கேட்க முடியாது. அந்த வீட்டில் அவருக்குக் கீழே இருந்தது நான் மட்டும்தான். இது தெரியாமல்தான் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் தொலைபேசியைத் தூக்கி, "சின்னம்மாவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.