கட்டாத கை

"கையைக் கட்டாதீங்க மேடம்," என்றார் பேச்சு மன்றப் பயிற்சியாளர். இன்றுதான் சேர்ந்திருக்கிறேன். மைக் முன்னால் கையை இறக்கினேன், அது மறுபடி மார்புக்கு ஏறியது.

கீழ்வேளூர்ப் பக்கம், எங்கள் தெரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் அம்மாவும் இப்படித்தான் தவித்தாள். மிராசுதார் முன்னால் 'ஆண்டே' என்று கைகட்டியே பழகியவள். நடவுப் பெண்களுக்காகக் கூலி உயர்வு கேட்க அவளைத்தான் அனுப்புவதென்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கு வாடையில் தினமும் பேசிப் பழகினாள். "ஆண்டேன்னு சொல்லாதக்கா. கையும் கட்டாத," என்று சித்தி திருத்திக்கொண்டே இருந்தாள்.

மிராசுதார் வாசலில் அம்மாவின் கை தானாக எழுந்தது. சட்டென்று பக்கத்தில் சிறுமியாய் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூலிய ஏத்தாம நாத்துல கை வைக்க மாட்டோங்க."

விரல் வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மைக்கை இவ்வளவு இறுக்காதீங்க மேடம்," என்றார் பயிற்சியாளர்.

நான் விடவில்லை.