முக்குளிப்பானுக்காக ஒரு மாதம் காகம் மேய்த்தேன்

போன வருடம் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை இது நடந்தது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு பூங்கா. பூங்காவுக்குள் ஒரு நன்னீர் ஏரி. அந்தக் கரைக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சட்டியோடு போவேன். சட்டிக்குள் எள்ளுச் சோறு. யாருக்கு என்கிறீர்களா? காகத்துக்கு.

என் கணவருக்கு ஏழரைச் சனி தொடங்கியிருந்தது. தினமும் காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று சாதகம் பார்த்த சாத்திரியார் சொல்லிவிட்டார். முதலில் வீட்டுப் பின்வளவில்தான் வைத்தேன். எலி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறையிட, கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. விடுவேனா? ஏரிக்கரைக்கு மாறினேன். "இஞ்சேரும், சனி எனக்கு. சட்டி தூக்குறது நீர்" என்று அவர் தினமும் நக்கலடிப்பார். ஒரே மாதத்தில் இருபது, இருபத்தைந்து காகங்கள் என் சிவப்புக் கோட்டைக் கண்டாலே மரத்தை விட்டு இறங்கின. எனக்கு அதில் பெரிய பெருமை வேறு.

அன்று காலை நாணல் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அங்கே தண்ணீரில் மிதக்கும் குப்பை போல ஒரு கூடு. அதன்மேல் நீண்ட கழுத்தும் கொண்டையுமாக ஒரு பறவை. நான் கிட்டப் போனதும் அது பாசியை இழுத்து முட்டைகளை அவசரமாக மூடிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிப் போனது. நான் பாட்டுக்குச் சோற்றை வைத்தேன். வழக்கம்போல வந்த காகங்களில் மூன்று சோற்றை விட்டுவிட்டுக் கூட்டின்மேல் போய் உட்கார்ந்தன. ஐயோ, ஐயோ என்று நான் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓர் இளம்பெண் ஓடி வந்தாள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் குழுவில் ஒருத்தி. என் சட்டியைக் காட்டி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். பிழை என்னுடையது என்று உள்ளுக்குள் தெரிந்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடும். இது பொதுப் பூங்கா, நீ யார் கேட்க என்று நானும் என் ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தேன். திரும்பும்போது "விசர் பெட்டை" என்று முணுமுணுத்தேன்.

"விசர்னா பைத்தியம்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் அவள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளை. சண்டையைத் தொடர்வாள் என்று பார்த்தால் அப்படியே கரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பறவைக்குப் பெயர் கொண்டை முக்குளிப்பானாம். குழுவினர் பல வருடங்களாகக் குப்பை அள்ளி, நாணல் நட்டு, தண்ணீரைத் தெளியவைத்த பிறகு இந்த ஏரிக்குக் கூடு கட்ட வந்த முதல் சோடியாம். "எங்க ஊர்ல குளத்துப் பறவைங்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடமாட்டோம்க்கா" என்றாள். அதைக் கேட்டபின் நான் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சனியனைச் சாந்தப்படுத்தப் போய் நானே ஒரு வீட்டுக்குச் சனியன் ஆகிவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. இரண்டு கிழமை, பதினான்கு நாள், காகத்துக்கு வைக்கவே இல்லை. பிறகு மனம் கேட்காமல் வெறுங்கையோடு ஏரிக்குப் போனேன். அந்தப் பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள். சோடி திரும்பவும் கூடு கட்டி முட்டை இட்டுவிட்டது! ஆனால் காகங்கள் போகவில்லை. சோறு வந்த இடம் என்று என்னைப் பார்த்துக்கொண்டு அதே மரத்தில்தான் குந்தியிருந்தன. இந்த முட்டைகளும் போனால் சோடி இந்த ஏரியை விட்டே போய்விடும் என்று அவள் பயந்தாள்.

"அப்ப நான் அதுகளைக் கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை" என்றேன்.

பூங்காவின் மறு அந்தத்தில் டென்னிஸ் திடல் இருக்கிறது. அடுத்த நாள் ஏழு மணிக்கு அங்கே போய்ச் சோற்றை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு காகம்? மூச்! போன் அடித்தது, முதல் நாள் என் நம்பரை வாங்கியிருந்த அந்தப் பெண்தான். "அக்கா, உங்க ஆளுங்க எல்லாம் இங்கதான் உங்களுக்காகக் காத்திருக்காங்க" என்றாள்.

மறுநாள் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கரைக்குப் போகாமல் பாதையில் நின்று, சட்டியை உயர்த்திக் காட்டி, தொண்டை கிழிய "கா... கா..." என்று கூப்பிட்டபடி டென்னிஸ் திடலுக்கு நடந்தேன். ஓடப் போனவர்கள் நின்றார்கள். நாய்கள் குரைத்தன. ஒரு வெள்ளைக்காரர், உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று மெல்லக் கேட்டார். துணைக்கு வந்த என் கணவர், "எல்லாரும் பாக்கினம்" என்றார். "பாக்கட்டும், நீங்களும் கூப்பிடுங்கோ" என்றேன். பாவம் மனுசன், கூப்பிட்டார். முதல் நாள் நான்கு காகம் பின்னால் வந்தன. நான்காம் நாள் இருபது. ஒரு கிழமையில் எங்களுக்கு முன்பே போய் டென்னிஸ் வலையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

ஒன்றைத் தவிர. சிறகில் வெள்ளை விழுந்த ஒரு காகம் மட்டும் கூட்டைப் பார்த்தபடி மரத்தை விட்டு அசையவில்லை. அன்று முதல் முட்டையைத் தின்று ருசி கண்டதே அதுதான் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு வந்ததே ரோசம்! சனிக்கிழமை விடிய எழும்பி உளுந்து அரைத்து, பறவைக்கு உப்பு ஆகாது என்று அவள் சொன்னபடி உப்பில்லாமல் வடை சுட்டுக்கொண்டு போனேன். "எனக்கு ஒண்டு இல்லை, காகத்துக்குச் சுடச்சுடவோ?" என்று என் கணவர் கேட்டார். வெள்ளைச் சிறகுக்காரர் வடையைக் கண்டதும் தலையைச் சரித்துப் பார்த்தார். பிறகு பறந்து வந்தார் பாருங்கள், டென்னிஸ் திடல் வரைக்கும்! அன்றிலிருந்து தினமும் அவருக்கு வடைதான்.

அப்படியே கிட்டத்தட்ட ஒரு மாதம். மழையிலும் போனேன், காய்ச்சலிலும் போனேன். ஒருநாள் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் மத்தியானம் தட்டுக் கழுவிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. "அக்கா, மூணு! மூணும் பொரிச்சிருச்சு!" என்று அந்தப் பெண் அலறினாள்.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். ஏரியின் நடுவில் அந்தப் பறவை ஆறுதலாக நீந்திக்கொண்டிருந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள் இருந்து, கோடு கோடாக மூன்று குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் கை தட்டினேன், சிரித்தேன், பிறகு குழந்தை மாதிரி அழுதேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். உதவி வேண்டுமா என்று அன்று கேட்ட அதே வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். வென்றுவிட்டோம் என்று அந்தக் கரையே கேட்கச் சத்தமாகச் சொன்னேன், தமிழில்.

மூன்றும் வளர்ந்து பறந்தன. இந்த வருடம் அந்த ஏரியில் இரண்டு கூடுகள். கொடுப்பதில் என்ன பிழை வரப்போகிறது என்று ஐம்பத்தாறு வயது வரை நம்பியிருந்தவள் நான். இப்போது யாருக்கும் எதையும் கொடுக்கக் கை நீட்டுமுன், நான் இந்த இடத்தில் வந்து நிற்பதால் யார் தன் கூட்டை விட்டு எழும்ப வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.