பனமரத்துப்பட்டியில் கண் திறந்த வாகனம்

இது கட்டுக்கதை இல்லை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தது, அதுவும் பட்டப்பகலில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

1943, யுத்த காலம். பங்குனி வெயில். பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் என் கூட்டாளி சடையனின் சூளை இருந்தது. முனியப்பன் கோயில்களுக்கு மண்குதிரை செய்கிறவன். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, சிறுவயதில் செக்கில் நசுங்கிப் போனது. ஒருநாள் ஏரிக்கு மேலே ஏரோப்ளேன் பறந்ததைப் பார்த்தான். அதிலிருந்து அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. இறக்கை வைத்த வண்டி, வால் முளைத்த பரிசல் என்று மண்ணிலேயே செய்து அடுக்கினான். ஊரே கேலி செய்தது. அவன் மனைவி அத்தாயி மட்டும் சலிக்காமல் மண் மிதித்துக் கொடுத்தாள்.

கடைசியாக ஒன்று செய்தான். குதிரை முகம், கழுகு இறக்கை, வண்டிச் சக்கரம், நடுவே ஓர் ஆள் உட்காரும் இருக்கை. சூளையில் சுட்டு, கண்ணுக்கு மை தீட்டி, முகத்தைத் துணியால் மூடினான். முகம் என்று இருந்தால் கண் திறக்க வேண்டும், அதுதான் முறை. துணியை விலக்கும்போது எதிரே பசுவும் கன்றும் நிற்க வேண்டும். முதல் பார்வை மனிதர் மேல் விழவே கூடாது.

குதிரை என்றால் துணியைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டுவான். இதில் இறக்கை இடைஞ்சல். சும்மா போர்த்தியிருந்தான்.

உச்சி வேளை. நான் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனேன். சூளை வாசலிலேயே பசு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன். நடுங்கியதே தவிர நகரவில்லை.

சடையன் வாகனத்துக்கு முன்னால் குனிந்து, சக்கரம் உருளாமல் இருக்கக் கல் அண்டை கொடுத்துக்கொண்டிருந்தான்.

காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

ஆனால் துணி... மெல்ல வழுக்கி... கீழே விழுந்தது.

சடையன் நிமிர்ந்தான்.

"டேய் பச்சமுத்து... என்னையப் பாத்துருச்சுடா."

"தள்ளி வாடா!"

"காலு வரமாட்டேங்குது... இழுடா..."

ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். சூளைப் பக்கமிருந்து ஓடிவந்த அத்தாயியும் சேர்ந்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. ஈரமண் குவியல் போலக் கனத்தான்.

தட்... தட்... தட்...

மண் இறக்கை அடிக்கிற சத்தம்.

புழுதி கண்ணை மறைத்தது.

கண்ணைக் கசக்கித் திறந்தபோது என் கையில் அவன் இடுப்புத் துண்டு மட்டும் இருந்தது.

வாகனம் இல்லை.

சடையனும் இல்லை.

ஏரியில் வலை போட்டோம். காடு கரையெல்லாம் தேடினோம். அத்தாயி அழுதுகொண்டே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அடுத்து வந்த அமாவாசையன்று விடிந்தபோது வாகனம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

அதை உடைக்க அத்தாயி கடப்பாரையோடு பின்பக்கமாகப் போனாள். போனவள் அலறினாள். ஓடினேன்.

இருக்கையின் இரண்டு விளிம்பிலும் விரல் தடங்கள். விழுந்துவிடாமல் இறுகப் பிடித்த தடங்கள். வலப்பக்கம் ஐந்து. இடப்பக்கம் நான்கு.

சுட்ட மண்ணில் யார் அழுத்தினாலும் தடம் விழாது.

அத்தாயி கடப்பாரையைப் போட்டுவிட்டு, அந்த நான்கு குழிகளில் தன் விரல்களை வைத்தாள். சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா... இன்னும் சூடா இருக்குதுங்க."