இஞ்ஞாசி மூடிய வால்வு

வாயுவைக் கழுவும் கோபுரத்தின் பம்ப் ஏன் இப்படிக் கத்துகிறது என்று நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது ரெமியின் அழைப்பு வந்தது. ரெமி, இஞ்ஞாசியின் மனைவிக்குத் தம்பி. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அழைக்கிறவன். "சார், அத்தான் போயிட்டாவ. காலைல காப்பி குடிச்சிட்டு இருந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ. நாளைக்கு அடக்கம்" என்றான். நான் "சரி" என்றேன். பம்ப் கத்திக்கொண்டே இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சிலர் எங்கள் ஆலையில் இஞ்ஞாசியோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்கள் திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து அவரோடு கடலுக்குப் போனவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் இஞ்ஞாசியைப் பற்றி ஒரு விஷயம் தவறாகத் தெரியும். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே அவருடைய கேள்விகள்தான் முந்திக்கொண்டு வருகின்றன.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகச் சாலைப் பக்கம் உலோகம் உருக்கும் ஓர் உலை. அது கக்கும் வாயுவில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத விஷம். அதைக் குளிரவைத்துக் கழுவி, உயரமான எஃகுத் தொட்டியின் அடியிலிருந்து குமிழ்களாக உள்ளே விடுவோம். தொட்டி நீரில் இருக்கும் பாக்டீரியா அந்த விஷத்தைத் தின்று எத்தனாலை வெளியே தள்ளும். வண்டிக்கும் ஊற்றலாம், வேறு ரசாயனங்களும் செய்யலாம். ஒரே நிபந்தனை, தொட்டிக்குள் காற்று நுழையக் கூடாது. நாம் மூச்சுவிடும் ஆக்ஸிஜன் பட்டால் அவை செத்துவிடும். அப்போது எங்களுடையது ஒரு சின்ன முன்னோட்ட ஆலை மட்டுமே.

இஞ்ஞாசி அங்கே பைப் ஃபிட்டராக ஒப்பந்தத்தில் வந்தார். அதற்கு முன் பல வருடம் சங்கு குளித்தவர். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் மேலே சொன்னதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டுத் தொட்டியின் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். "சார், பேக்டரி வாரதுக்கு முன்னால இந்தப் பூச்சி என்னத்த தின்னுச்சி?" என்றார்.

"அது இப்ப எதுக்கு? போய் அந்த ஃபிளாஞ்ச மாட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள், எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் ஊரான ஏரலுக்குப் பஸ் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டி, மறுநாள் நானாகவே அவரிடம் போய்ச் சொன்னேன். காற்றுப் புகாத சேறு, வெந்நீர் ஊற்று, விலங்குகளின் குடல் எல்லாவற்றிலும் இந்த வகை உண்டு. ஒன்றை முயல் புழுக்கையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முசல் புழுக்கைக்கா சார் இம்புட்டு பெரிய தொட்டி கட்டிருக்கிய? அப்பம் நம்ம சேத்துலயும் கெடக்கும்லா?"

சொன்னதோடு விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பழையகாயல் பக்கம் அலையாத்தி மரங்களுக்கு நடுவே இறங்கி, ஒரு பாட்டிலில் கறுப்புச் சேற்றை அள்ளி வந்துவிட்டார். நீருக்கடியிலேயே நிரப்பி, நீருக்கடியிலேயே மூடியையும் திருகியிருந்தார். உள்ளே ஒரு பொட்டுக் காற்றில்லை. ஆய்வகத்தில் நாங்கள் நைட்ரஜன் பெட்டிக்குள் கையுறை மாட்டிக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டும் வேலையை, அவர் ஒரே முங்கில் முடித்திருந்தார். அதில் கொஞ்சத்தை ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பிக்கு மாற்றி, ஊசி வழியாக வாயுவை ஏற்றி வைத்தேன். அவர் மனம் கோணக் கூடாதென்றுதான் செய்தேன். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் ஊசியைக் குத்தியதும் சிரிஞ்சின் தண்டு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்த வாயு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். "திங்குது சார், திங்குது!" என்று இஞ்ஞாசி போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து, "வினாகிரி வாடை" என்றார். நாம் வினிகர் என்கிற காடியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனால் இல்லை, வெறும் காடி, ஆலைக்கு உதவாது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. குப்பியில் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டார்.

இந்த வாயுவோடு அவருக்குப் பழைய பழக்கம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சங்கு குளிக்கிறவர்களுக்குப் படகிலிருக்கும் கம்ப்ரஸர் குழாய் வழியாகக் காற்று அனுப்பும். ஒருமுறை காற்றடித்த திசை மாறி, இதே விஷம் கலந்த இன்ஜின் புகையையே அது இழுத்து அவருக்கு ஊட்டிவிட்டது. "ஒண்ணும் வலிக்கல சார். நல்ல சொகமா இருந்துச்சி. இங்கனயே கெடப்போம்னு தோணிச்சி. அதாம் பயம்" என்றார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் ரெமி பிடித்திருந்தான். கயிறு ஆடவே இல்லையே என்று சந்தேகப்பட்டு இழுத்துப் போட்டிருக்கிறான். "எங்க ஆளுவ கயித்த மச்சினன் கையிலதாம் குடுப்பாவ. அக்கா தாலியறுக்க எந்தத் தம்பி சார் பாத்துட்டு நிப்பான்?" என்றார் இஞ்ஞாசி. யாராவது ஆலையில் வாயுக் குழாய்கள் ஓடும் கொட்டகைக்குள் போனால், சொல்லாமலே அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இனி அந்த நாள். தலைமை அலுவலகம் கெடு வைத்திருந்தது. தொட்டி ஒரு மாதம் நிற்காமல் ஓடினால் பெரிய ஆலை கட்டுவார்கள். நின்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு வாயு விடும் மெயின் வால்வின் மேல், "என்னைக் கேட்காமல் தொடக் கூடாது" என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழுத்தம் லேசாக இறங்கியது. கொட்டகைக்குள் குழாய்களை இணைக்கும் ஒரு ஃபிளாஞ்ச் கசிகிறது என்று தெரிந்தது. முகமூடி அடுத்த கட்டடத்தில் இருந்தது. இரண்டு போல்ட்தானே, மூச்சைப் பிடித்து முறுக்கிவிட்டு வந்துவிடலாம் என்று, ஒருவரிடமும் சொல்லாமல் ஸ்பேனரோடு உள்ளே போனேன்.

முதல் போல்ட் முடிவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இரண்டாவதில் தலை கனத்தது. பிறகு ஒரு சுகம். இஞ்ஞாசி சொன்ன சுகம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து வெளியே போக வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அவர் வெளியே பைப் அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்டிருக்கிறது, பிறகு கேட்கவில்லை. "சத்தம் நின்னா ஆளு நின்னுட்டான்னு அர்த்தம்" என்று எப்போதும் சொல்வார். நான் ஒட்டிய காகிதத்தோடு சேர்த்து மெயின் வால்வை மூடிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் என்னை இழுத்து வந்திருக்கிறார். கண் விழித்தபோது வேலியோரத்தில் கிடந்தேன். நான் கேட்ட முதல் கேள்வி, "காஸ் ஓடுதா?"

"மூடிட்டேன் சார்."

"யாரைக் கேட்டுலே மூடின?" அதுவரை நீங்க என்று பேசியவன் அந்த இடத்தில் நீ என்று இறங்கினேன். அவர் என் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டே, "பூச்சிய பெறவு வளத்துக்கிடலாம் சார்" என்றார். அழுத்தம் போன தொட்டிக்குள் அதே கசிவு வழியாகக் காற்று புகுந்து, மாலைக்குள் எல்லாம் செத்துவிட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான்தான் அறிக்கை எழுதினேன். ஒப்பந்தத் தொழிலாளி தவறுதலாக மெயின் வால்வை மூடினார், அழுத்தம் இறங்கியது, என்னவென்று பார்க்க உள்ளே போன பொறியாளர், அதாவது நான், மயங்கி விழுந்தார். நடந்ததை முன்பின்னாக மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். அது ஒரு மனிதனின் வேலையைத் தின்றுவிட்டது. அவரை நிரந்தரமாக்கும் காகிதம் மேசையில் இருந்தது. அது நகரவில்லை, ஒப்பந்தமும் நீளவில்லை. எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். இரண்டாவது ஓட்டம் ஜெயித்தது. பெரிய ஆலை வந்தது, எனக்குப் பெரிய அறை வந்தது.

இஞ்ஞாசி கடற்கரையில் கம்ப்ரஸர் இன்ஜின் பழுது பார்க்கப் போய்விட்டார். அவர் கைபட்ட இன்ஜின் எல்லாவற்றிலும் புகைக்குழாயைக் காற்றிழுக்கும் வாய்க்கு எட்டாதபடி நீட்டிவிடுவாராம். அவ்வப்போது எனக்கு போன் செய்வார். "சார், எம் பூச்சி உசுரோட கெடக்கா? ஏன் சார் அது வினாகிரியோட நிக்கி, சாராயத்துக்குப் போவ மாட்டேங்கி?" ஒவ்வொரு முறையும் அறிக்கையைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் தைரியம் முடிந்துவிடும்.

அடக்கம் முடிந்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ரெமியிடம் சொன்னேன். "அன்னைக்கு உங்க அத்தான் எனக்காகத்தான் வால்வ மூடினார்." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்ன சொல்லுதிய சார்? தெரியாத்தனமா மூடிட்டேன்னுல்லா அத்தான் சொன்னாவ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலாவது உண்மையைச் சொல்லியிருப்பார், இத்தனை நாள் இவர்கள் மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி பிலோமி அக்கா வந்து நின்றார். நான் எழுந்து நின்று, காகிதம் ஒட்டியது முதல் அறிக்கை எழுதியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "கைல வந்த வேலைய போட்டு ஒடச்ச மனுசன்னு அவியள எத்தன மட்டம் ஏசியிருப்பேன்" என்றார் அவர். அழவில்லை. "உங்களுக்கு வெளிய கயித்துல யார் சார் நின்னா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லக்கா. அவராத்தான் நின்னாரு."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது நடந்த வரிசையில் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டேன். என்னை என்ன செய்வார்களோ தெரியாது. அதன் நகல் ஒன்று பிலோமி அக்காவிடம் இருக்கிறது. ஆலையில் யாராவது கொட்டகைக்குள் போனால் இப்போது நான் வாசலில் போய் நிற்கிறேன். பொடியன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

அவர் பெயர் எழுதிய குப்பி என் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வாயு ஏற்றுகிறேன். இன்று காலை ஊசியைக் குத்தினேன். தண்டு மெல்ல உள்ளே போயிற்று. திங்குது, இஞ்ஞாசி.