ஆம்பியர் முள்

இதைச் சிலர் நம்ப மாட்டார்கள். நம்பாமல் போகட்டும். குருபரப்பள்ளியில் லால் பாஷாவைத் தெரிந்த ஒருவர்கூட அவன் புளுகுகிறவன் என்று சொன்னதில்லை. 1955 ஐப்பசி மழையில் அவனுக்கு நடந்தது இது.

புளி மண்டி வைத்திருந்த நாராயணப்பனிடம் அவன் டிரைவர். அந்த வருஷம் நாராயணப்பன், மைசூர் எல்லைக்கு அப்பால் ஒரு கல் குவாரிக்காரரிடமிருந்து பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். இன்ஜின் நன்றாக ஓடியது. ஒரே ஒரு கோளாறு. பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று காட்டும் ஆம்பியர் மீட்டரில் முள் நிலையாக நிற்காது. ஒரே வேகத்தில் போனாலும் ஏறும், இறங்கும். ஏறினால் ஹெட்லைட் கண்ணைப் பறிக்கும். இறங்கினால் அகல் விளக்குபோல் மங்கிவிடும்.

மெக்கானிக் சென்னகிருஷ்ணன், பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவைக் கழற்றிப் புதுக் கார்பன் போட்டான். கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் கட்-அவுட்டை மாற்றினான். முள் ஆடுவது நிற்கவில்லை.

"டைனமோ மேல தப்பு இல்ல பாஷா. அதச் சுத்தற பெல்ட்டு வழுக்குது. அதான் சார்ஜ் ஏறி ஏறி எறங்குது."

"புது பெல்ட்டாச்சே?"

"புதுசுதான். எத்தினி வாட்டி தொடச்சாலும் எண்ணெ பூத்துக்குது. மோந்து பாரு."

லால் பாஷா முகர்ந்து பார்த்தான். இன்ஜின் ஆயில் இல்லை. பெண்கள் தலைக்குத் தேய்க்கும் விளக்கெண்ணெய்.

ஒரு சாயங்காலம் அவன் மனைவி காத்தூனுக்கு வலி எடுத்தது. தலைச்சன் பிரசவம். மருத்துவச்சி பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று கையை விரித்துவிட்டாள். கூட வரக் காத்தூனுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. நாராயணப்பன் சாவியைக் கொடுத்தார்.

"வழியில இன்ஜின மட்டும் நிறுத்தாத. பேட்டரி எறங்கிக் கெடக்குது. நிறுத்தினா மறுபடி எடுக்காது."

இருட்டிவிட்டது. நல்ல மழை. ஊரைத் தாண்டியதும் முள் ஆட ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது... மங்கியது... எரிந்தது. பானெட்டுக்குள் பெல்ட் கிறீச்சிட்டது. ஸ்ஸு... ஸ்ஸு...

காத்தூன் அவன் கையைப் பிடித்தாள்.

"ஏங்க... யாரு அது?"

"பெல்ட்டு சத்தம். நீ படு."

"இல்லீங்க. பொம்பள குரல். நில்லிசு, நில்லிசுங்கறா."

நில்லிசு. கன்னடத்தில், நிறுத்து என்று அர்த்தம். அவனுக்கும் அப்போது கேட்டது.

முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. விளக்கு அணைந்தது. எதிரே ரோடு தெரியவில்லை.

வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை நிறுத்தவில்லை. டார்ச்சோடு இறங்கிப் பானெட்டைத் தூக்கினான்.

டைனமோவின் சக்கரத்தில் முடி.

நீளமான முடி. எண்ணெய் தடவிய முடி. பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி... உள்ளே இழுபட்டுக்கொண்டே இருந்தது.

"நில்லிசண்ணா..."

அவன் காதருகில்.

"நிறுத்துங்க." இது காத்தூன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பொண்ணு செத்துடுவா. நிறுத்துங்க."

ஓடிப் போய் இன்ஜினை நிறுத்தச் சாவியைத் திருப்பினான்.

குரல் நின்றது.

டார்ச் அடித்துப் பார்த்தான். முடி இல்லை. கொட்டுகிற மழையில் அந்த பெல்ட் மட்டும் காய்ந்து கிடந்தது.

மறுபடி சாவியைத் திருப்பினான். டிக்.

டிக்.

இன்ஜினின் முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கை தோல் உரியச் சுற்றினான். பொறி விழக்கூட பேட்டரியில் கரண்ட் இல்லை.

வெகுநேரம் கழித்து ஒரு மாட்டு வண்டி வந்தது. ஆனால் அதற்குள் அங்கேயே, வண்டி சீட்டில், குழந்தை பிறந்துவிட்டது. பையன். அழவே இல்லை. காத்தூன் மட்டும் பிழைத்தாள்.

பேட்டரிக்கு வெளியில் சார்ஜ் ஏற்றி நாராயணப்பன் வண்டியைத் திரும்ப ஓட்டினார். முள் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஆடவில்லை.

மாதம் ஒன்று கழித்து லால் பாஷா அந்தக் குவாரியைத் தேடிப் போனான். பிக்கப்பை முன்பு ஓட்டிய வெங்கடப்பன் அங்கே இருந்தார். வண்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"கல்லு ஒடைக்கிற பொண்ணு, தம்பி. சம்பங்கின்னு பேரு. இன்ஜின் ஓடறப்பவே ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாரு மொதலாளி. குனிஞ்சா. முடி பெல்ட்டுல சிக்கிச்சி."

"நிறுத்தலையா?"

"பேட்டரி செத்துக் கெடந்தது. நிறுத்தினா எடுக்காது, லோடு நின்னுடும்னு மொதலாளி என் கையப் புடிச்சிக்கிட்டாரு. கத்தி எடுத்தாந்து முடிய அறுங்கடான்னாரு. கத்தி வர்றதுக்குள்ள..."

லால் பாஷா கேட்டான்.

"நில்லிசு, நில்லிசுன்னு அவ கத்தினது உங்க யாரு காதுலயும் விழலையா?"

வெங்கடப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ எங்க கத்தினா? பொறந்ததுலருந்து அவளுக்குப் பேச்சே கெடையாது, தம்பி."