ஆர்னி கிவேலா சுற்றிய செம்புக் கம்பி

மூன்று தீவு ஏரிக்குக் கோடையில் வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஆர்னி கிவேலாவைத்தான். குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கும் அவர்தான் வேண்டும். ஏரி உறைந்தால் பனியில் துளை போட்டு, மேலே மரக்கூண்டை இழுத்து வந்து வைத்து, சிகாகோக்காரர்களை உள்ளே உட்காரவைத்து மீன் பிடிக்கச் சொல்லித்தருவார். பனி உருகினால் படகு. இலை பழுத்தால் மானும் கரடியும் காட்டக் காட்டுக்குள் கூட்டிப்போவார். வருஷம் முழுக்க உடம்புக்கு வேலை, வாய்க்கு அதைவிட அதிக வேலை. ஒருமுறை கரடியோடு மல்லுக்கட்டி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரடியைக் கேட்டால்தான் தெரியும்.

ஆனால் அவர் பெயர் பரவியது லூன் பறவையால். கறுப்புத் தலை, முதுகெல்லாம் வெள்ளைக் கட்டம், சிவப்புக் கண். தண்ணீரில் முங்கினால் எங்கே எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் நீளமான கூவலைக் கேட்கத்தான் பாதிப் பேர் இவ்வளவு தூரம் வடக்கே வருகிறார்கள். எங்கள் ஏரியில் இருந்தது ஒரே ஜோடி. ஆர்னி இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து ஊதினால் ஏரியிலிருந்து பதில் வரும். ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஏரிச் சங்கம் நடத்தும் விருந்தில் அவர் கூப்பிட வேண்டும், பறவை பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் வாணவேடிக்கை. அப்படி ஒரு வழக்கமாகிவிட்டது.

அவருடைய இன்னொரு பெருமை தூண்டில் முள். குளிர்கால மாலைகளில் கார் ஷெட்டில் அடுப்பை வைத்து ஈயம் உருக்கி, அச்சில் ஊற்றி, முள்ளின் தலையில் குண்டு வைப்பார். மஞ்சள் வண்ணம் பூசி, மனைவி லோயிஸின் நெயில் பாலிஷில் சிவப்புக் கண் வைப்பார். இரை நழுவாமல் இருக்க, குண்டுக்குக் கீழே செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றுவார். அது அவர் கண்டுபிடிப்பு. ஏரியில் படகு இறக்கும் யார் பெட்டியைத் திறந்தாலும் நாலைந்து ஆர்னி முள் கிடக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வனத்துறையினர் டுவேனின் தூண்டில் கடையில் ஒரு டப்பா வைத்தார்கள். ஈய முள்ளைப் போட்டுவிட்டு, வெள்ளீயத்தில் செய்ததை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஈயத்தைத் தின்றால் லூன் சாகும் என்று மேலே படம் ஒட்டியிருந்தது. ஆர்னி அதில் சூயிங்கம் காகிதத்தைப் போட்டார்.

"எங்கப்பா ஈயத்தைப் பல்லால கடிச்சுத்தான் தூண்டில்ல கட்டுவாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு. இந்தப் பறவைக்கு மட்டும் என்ன, கண்ணாடி வயிறா?"

கடையே சிரித்தது. சங்கத்துக்குத் தலைவரும் டுவேன்தான். சங்கத் தலைவரே விழுந்து விழுந்து சிரித்தபின் அந்த டப்பாவை யார் மதிப்பார்கள்? நாளடைவில் அதில் பேனா போட்டு வைத்தார்கள்.

இந்த ஜூனில் குஞ்சு பொரித்துச் சில நாளில், ஆண் லூன் படகுத்துறைப் பக்கம் கரையில் ஏறிக் கிடந்தது. லூன் கரையில் கிடக்கிற பறவையே இல்லை. தலை வெடவெடத்தது. கழுத்தைத் தூக்கப் பார்க்கும், விழும். சுற்றி நின்றவர்கள் செய்வதறியாமல் நிற்க, ஆர்னி போர்வையைப் போட்டுச் சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊரில் காயம்பட்ட பறவைகளைப் பார்க்கும் டாக்டர் மார்னாவிடம் ஓட்டிப்போனார். யாரோ எடுத்த படம் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. போர்வைக்குள் லூன், மேலே ஆர்னியின் நரைத்த தாடி.

பத்திரிகை வருவதற்குள் பறவை செத்துவிட்டது.

மார்னா எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். இரைப்பையில், இரையை அரைக்க லூன் விழுங்கும் கூழாங்கற்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு. வெளியே எடுத்துக் கழுவியும் வைத்திருந்தாள். வண்ணம் போயிருந்தது, கண் போயிருந்தது, ஈயம் தேய்ந்து பாதியாகியிருந்தது. கம்பி மட்டும் அப்படியே இருந்தது.

"ஒரே ஒண்ணு போதும் ஆர்னி. ரத்தத்துல கலந்துட்டா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. எவன் கட்டுனானோ."

ஆர்னி அந்தக் கம்பிச் சுற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத நான் வச்சுக்கட்டுமா, டாக்டரம்மா?"

"தாராளமா. நாலு பேர்கிட்ட காட்டுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

வீட்டில் லோயிஸ் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கம்பி இறுக்கும்போது குறடு எடுத்துக்கொடுத்தவள் ஆயிற்றே.

"யார் தூண்டில் அறுந்ததோ. உன்னுதா இருக்கணும்னு இல்லையே."

"விட்டது யாருன்னு தெரியாது, லோயிஸ். செஞ்சது யாருன்னு தெரியுமில்ல."

"அப்ப விருந்துல சொல்லிடு. இன்னும் எத்தனை பெட்டியில கிடக்கோ. தாயும் குஞ்சும் அதே தண்ணியிலதான முங்குது."

சொல்கிறேன் என்றார். ஆனால் அடுத்த பத்து நாளும் பெரிய வேதனையாகிவிட்டது. கடைக்குப் போனால் காப்பிக்குக் காசு வாங்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படகில் ஒரு சின்னப் பெண் அவரோடு படம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையில் இருந்த முள் கனத்தது, ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருந்தார். கூனிக்குறுகிப் போனார். உண்மையைச் சொன்னால் இந்த ஏரியில் தன் பெயர் என்னவாகும் என்று பயந்தார். பறவைக்காகப் பயப்படாமல் பெயருக்காகப் பயப்படுகிறோமே என்று அதற்கும் வெட்கப்பட்டார்.

விருந்தன்று வறுத்த மீனும் பீரும் ஓடின. டுவேன் மேஜைமேல் ஏறி, மரத்தில் செதுக்கிய ஒரு லூனை ஆர்னியின் கையில் கொடுத்தார். "நம்ம ஏரியோட காவல்காரன். பேசுடா."

ஆர்னி மரப்பறவையைப் பார்த்தபடி சொன்னார். "அது முழுங்குனது நான் ஊத்துன ஈயம். அதக் கொன்னது நான்தான்."



"போன வருஷம் கரடிய ஜெயிச்சான். இந்த வருஷம் லூனக் கொன்னானாம்," என்றார் டுவேன். "அடுத்த வருஷம் என்னடா, திமிங்கிலமா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இப்போது மறுத்து, அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆர்னியும் சிரித்தார். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாக இளித்துவிட்டது. லோயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்நேரம் பார்த்து ஏரியில் பெண் லூன் கூவியது.

"ஆர்னி, பதில் குடு," என்றது கூட்டம். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். கை தட்டத் தொடங்கினார்கள். யாரோ மரப்பறவையை வாங்கிக்கொண்டார்கள். வேறு வழி தெரியாமல் கையைக் குவித்து ஊதினார்.

பறவை பதில் கூவவில்லை. நேராகக் கரையை நோக்கி வந்தது. அவ்வளவு பேரையும் வாணவேடிக்கைக் கம்பங்களையும் பொருட்படுத்தாமல், முதுகில் குஞ்சைச் சுமந்துகொண்டு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று, கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. மெல்ல இன்னொரு தரம் கூப்பிட்டது.

கூட்டம் சொக்கிப்போனது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா," என்று டுவேன் ஆர்னியின் தோளை அணைத்தார். "காப்பாத்தப் பாத்தவனத் தேடி வந்திருக்கு."

"என்னத் தேடி வரலடா."

ஆர்னி சட்டைப் பையிலிருந்து தேய்ந்த முள்ளை எடுத்து டுவேனின் உள்ளங்கையில் வைத்தார். "இது அதோட புருஷன் வயித்துல இருந்து எடுத்தது."

டுவேன் குனிந்து பார்த்தார். செம்புக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். அவர் கடைச் சுவரில் இதே கம்பி சுற்றிய முட்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முகம் வெளுத்துவிட்டது.

"இப்பச் சிரி," என்றார் ஆர்னி.